தினார் இருநூற்றுத் தொண்ணூறு தொட்டால்

"மேரிக்கா, இன்னிக்கு எவ்ளோ?"

பக்கத்து வீட்டுக் கனகம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி இப்படிக் கேட்டால் மணி காலை ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். அவள் புருஷன் மருதமுத்து குவைத்தில் டிரைவர். ரேட் பார்க்கக் கனகத்தின் போனிலும் வழி உண்டு. ஆனாலும் சகாயமேரி வாயால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. நெய்வேலி நகரியத்து கேட்டைத் தாண்டி இந்திரா நகரில் இருக்கும் அந்தத் தெருவில் மட்டும் பதினொரு வீட்டு ஆம்பளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தை இந்த மாதம் அனுப்புவதா, பிடித்து வைப்பதா என்பதை முடிவு செய்வது ரேட். அந்த ரேட்டைச் சொல்வது மேரி. 'ரேட்டு மேரி' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்று கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. மேரி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இருநூத்தி தொண்ணூறு, பத்து பைசா" என்றாள்.

"யக்கா! தொட்டுடுச்சா? அப்ப அண்ணன் வந்துடுவாரு!"

"சும்மா கத்தாத. இன்னும் போன் வரல" என்று அதட்டினாள் மேரி. ஆனால் உள்ளே போய் உலையில் வழக்கத்தைவிட ஒரு ஆழாக்கு அரிசி கூடவே போட்டாள். கனகம் கத்தியது சரிதான். குவைத் தினார் ஒன்றுக்கு இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய் வந்துவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஆல்பின் போன வருஷம் மாதா கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுடைய கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிப்பதா, முடித்துக்கொள்வதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் கம்பெனியில் சொல்ல வேண்டும். தொண்ணூறு வராமலே தேதி தாண்டிவிடுமோ என்று மூன்று வாரமாக மேரிக்குச் சோறு இறங்கவில்லை. வந்துவிட்டது.

நகரியத்தில் மனிதர்கள் இரண்டு வகை. ஒன்று பர்மனென்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். மேரி பிறந்து வளர்ந்தது பர்மனென்ட் வீட்டில். அப்பா தைரியநாதனுக்குச் சுரங்கத்தில் வேலை, பதினேழாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வாசலில் இரண்டு மாமரம். அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தார்கள். மாமரங்களுக்குச் சாவி கிடையாது, அவை அங்கேயே நின்றுவிட்டன. மேரி கட்டிக்கொண்டதோ கான்ட்ராக்ட்காரனை. ஆல்பின் வெல்டர். மண்ணை வாரும் ராட்சத மிஷினின் பற்கள் தேய்ந்தால் பத்தவைத்துச் சரிசெய்பவன். கெட்டிக்காரன். ஒன்பது வருஷம் பர்மனென்ட் ஆகும், ஆகும் என்று பார்த்தான். பார்த்த கண் பூத்ததுதான் மிச்சம். குறிஞ்சிப்பாடிக்காரன் ஒருவன் குவைத்திலிருந்து லீவில் வந்து, ஒரு தினாருக்கு நூற்று அறுபது ரூபாய் என்று டீக்கடையில் சொன்னதும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அது 2006. பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து ஆல்பின் விமானம் ஏறியது 2007 ஆகஸ்டில். அக்டோபரில் அவன் முதல் பணம் அனுப்பியபோது தினார் நூற்று நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது. சம்பளம் எண்பத்தைந்து தினார். மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய், வேலையே செய்யாமல் காற்றில் கரைந்தது. 'ரூபாய் வலுவடைந்தது' என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். நாடே சந்தோஷப்பட்ட அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மேரி மட்டும் நகரியத்து நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி அழுதாள். அங்கே அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை, இன்றைக்கும் அதே வேலைதான். நம் ரூபாய் நன்றாக இருந்தால் நம் வீடு நன்றாக இருக்காது என்ற கோணல் கணக்கு அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

"ரேட்ட தெனம் பாத்து ஒரு நோட்ல எழுதி வையி மேரி. எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன அனுப்பலாம்" என்று ஆல்பின் போனில் சொன்னான். மேரி நீள நோட்டு ஒன்று வாங்கினாள். இடது பக்கம் தேதி, வலது பக்கம் ரேட். முதலில் பேப்பரில் பார்த்தாள், பிறகு டி.வி.யில், இப்போது போனில். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டாள், முந்தின நாள் ரேட்டையே திரும்ப எழுதுவாள். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுதினாள். அம்மா செத்த அன்று சவப்பெட்டி வருவதற்குள் உள்ளே போய் எழுதிவிட்டு வந்தாள். அதைப் பார்த்த சித்தி இன்னும் அவளோடு பேசுவதில்லை. பதினெட்டு வருஷத்தில் நான்கு நோட்டு ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, 2013 வரைக்கும். அந்த வருஷம் பக்கத்து ஊரான வடக்குத்தில் மூன்று சென்ட் மனை விலைக்கு வந்தது. சென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம். மே மாதம் தினார் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதுவரை அவ்வளவு ஏறி மேரி பார்த்ததில்லை. ஆல்பின் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்து நானூறு தினாரையும் ஒரே தடவையாக அனுப்பிவிட்டான். இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வந்தது. மிச்சத்துக்கு நகையை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஜூனில் இருநூறைத் தாண்டியது. ஆகஸ்ட் கடைசியில் இருநூற்று நாற்பது. மூன்று மாதம் பொறுத்திருந்தால் மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம் வந்திருக்கும். மேரிக்கு வயிறு எரிந்தது. போனில் அவனைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"ஏர்ற நேரத்துல எவனாச்சும் அவசரப்படுவானாங்க? மூளைய அங்க வெயில்ல காய வச்சிட்டீங்களா? அறுவத்தஞ்சாயிரம்! என் நர்சரி சம்பளத்துல எத்தினி மாசம் தெரியுமா?"

"நீதான மேரி அனுப்ப சொன்ன?"

"சொன்னா? நீங்க யோசிக்க வேணாமா?"

ஒரு வாரம் விடாமல் திட்டினாள். இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது அவளுக்கு. ஏனென்றால் அன்றிலிருந்து ஆல்பின் மாறிவிட்டான். எதற்கும் அவசரப்படாத மனுஷன் ஆகிவிட்டான். மறுபடி இருநூற்று நாற்பது வரட்டும் என்று இரண்டு பேருமாகப் பணத்தைப் பிடித்து வைத்தார்கள். அதுவோ இருநூற்றுப் பத்து, இருநூற்று இருபது என்று எருமை சேற்றில் கிடப்பது போலக் கிடந்தது. திரும்ப நாற்பதைத் தொட்டது 2018 அக்டோபரில். ஐந்து வருஷம்! அதற்குள் சென்ட் இரண்டரை லட்சம். முன்னே அனுப்பிய பணமோ ஆஸ்பத்திரி, ஸ்கூல் என்று போய்விட்டது. மூன்று சென்ட் மனையில் வேறு யாரோ வீடு கட்டி மாடியில் தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிட்டார். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். நர்சரிக்கு சைக்கிளில் போகும்போது அந்த வழியாக இப்போதும் அவள் போவதில்லை.

பிறகுதான் இந்த வாக்குறுதிகள் ஆரம்பித்தன. இருநூற்று ஐம்பது வந்தால் வந்துவிடுகிறேன் என்றான் ஆல்பின். 2022-இல் வந்தது. அந்தப் பணத்தில் வடக்குத்துக்குப் பின்னால் இரண்டரை சென்ட் வாங்கினார்கள், அவன் வரவில்லை. எழுபது வந்தால் என்றான். வந்தது. சுவர் எழும்பிக் கூரை போட்டார்கள், அவன் வரவில்லை. பூச்சு வேலைக்கும் தரைக்கும் தொண்ணூறு வரட்டும், அதோடு சரி என்றான். மேரிக்குப் பூச்சும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். செங்கல் தெரிகிற சுவருக்குள் மனுஷன் வாழ முடியாதா? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாளா என்றால், இல்லை. போனில் பேசுகிற பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் ரேட் போய்விடும். மிச்சம் இரண்டு நிமிஷத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா. இருக்கிறது போதும் வாங்க என்று சொல்ல அதில் இடம் இருந்ததில்லை.

இதில் மகள் ஷைனி வேறு. பி.காம் இரண்டாம் வருஷம். அப்பா விமானம் ஏறியபோது அவள் ஒரு வயதுக் குழந்தை. கல்லூரியில் ஏதோ கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று அம்மாவின் நான்கு நோட்டையும் பரப்பி வைத்துக்கொண்டு செப்டம்பர் மாதம் ஒரு வாரம் உட்கார்ந்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா? 1961 வரைக்கும் குவைத்துல ஓடினதே நம்ம ரூபாதான். கடைசி ரெண்டு வருஷம் வளைகுடாவுக்குன்னே நம்ம ரிசர்வ் பேங்க் வேற நெறத்துல நோட்டு அடிச்சு குடுத்திருக்கு."

"பொய் சொல்லாதடி."

"நெஜமாம்மா. அப்புறம் அவங்க சொந்தமா தினார் போட்டாங்க. ஒரு தினாருக்குப் பதிமூணு ரூபா சொச்சம். அறுவத்தாறுல நம்ம ரூபா மதிப்ப கொறச்சதும் இருபத்தொண்ணு ஆயிடுச்சு. தொண்ணூறுல ஈராக் உள்ள பூந்து, உங்க தினாரும் எங்க தினாரும் ஒண்ணுன்னு சொல்லிட்டாங்களாம். மறுவருஷம் குவைத் மீண்டதும் பழைய நோட்ட செல்லாதுன்னு தள்ளிட்டு புது நோட்டு அடிச்சிருக்காங்க."

மேரி கறிவேப்பிலை உருவுவதை நிறுத்தினாள். "அப்ப நாம அடிச்சு குடுத்த நோட்டுல அவன் சாமான் வாங்கிகினு இருந்தான். இப்ப அவன் நோட்டுக்கு நாம வாயப் பொளந்துகினு நிக்கறோம். நாட்டையே பூந்து எடுத்தும் அவன் தினாரு எழுந்து நின்னுடுச்சு. பதிமூணு ரூபா இருநூத்தி எம்பத்தெட்டு ஆயிருக்கே, தினாரு ஏறுனதா, நாம எறங்குனதா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்லடி" என்றாள் மேரி. ஏன் இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. அவள் ஒரு அரசாங்கத்தின் மேலோ, ஒரு ஷேக்கின் மேலோ கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அதனால் கறிவேப்பிலைக் காம்பின் மேல் கோபப்பட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நர்சரிக்கு லீவு சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைதான் ஆல்பினுக்கு விடுமுறை, பத்து மணிக்குக் கூப்பிடுவான். அதற்குள் அவன் சட்டைகள் இருந்த பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தாள். ஒரு வெள்ளைச் சட்டையில் காலர் மஞ்சளாகியிருந்தது, அதைச் சோப்பு போட்டு ஊற வைத்தாள். ஷைனி கல்லூரிக்குக் கிளம்பும்போது, "அப்பா கிறிஸ்மஸுக்கு இங்க இருப்பாரு" என்றாள். ஷைனி முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. "பாப்போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பத்து அடித்தது. வீடியோவில் ஆல்பின் முகம் வந்தது. தலை நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது. பின்னால் இரும்புக் கட்டில், மேலே ஒரு கட்டில், அதில் யாருடையதோ ஒரு கால் தொங்கியது.

"பாத்தியா மேரி? தொண்ணூறு!"

"பாத்தேங்க. எழுதிட்டேன். டிக்கெட்டு எப்ப போடறீங்க?"

ஆல்பின் போனைத் தள்ளிப் பிடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இங்க பசங்க எல்லாம் இன்னா சொல்றானுங்கன்னா, இது நிக்காதாம். முன்னூறு போவுமாம். கண்டிப்பா போவும்ங்கறான் வெங்கடேஷு. அவன் சொன்னது இதுவரைக்கும் தப்புனதில்ல."

"போவட்டும். அதுக்கு?"

"இல்ல மேரி, யோசிச்சுப் பாரு. சம்பளம் இருநூத்திப் பத்து தினாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா பூச்சு, தரை, ஷைனி கல்யாணத்துக்கு ஒரு பத்து பவுனு, எல்லாம் ஆயிடும்."

"தொண்ணூறு வந்தா வந்துடறேன்னு சொன்னீங்க. மாதா கோயில் வாசல்ல சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா ஏர்ற நேரத்துல எவனாச்சும் அவசரப்படுவானா மேரி?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. பாடம் படித்த பிள்ளை ஒப்பிப்பது போல, நல்ல மனசோடு சொன்னான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே அவன் காதில் ஓதியது. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அவள் சொந்த வாயாலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. தன்னைத் தானே எப்படித் திட்டிக்கொள்வது?

"வெக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

பிறகு எழுந்து நான்கு நோட்டையும் எடுத்துக் கூடத்தில் போட்டாள். அடுப்பில் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். அதற்கு முன் ஒரு தடவை புரட்டினாள். தேதி, ரேட், தேதி, ரேட். பொடிப் பொடியான எண்கள் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நின்றன. 2009-இல் ஒரு பக்கம் வந்தது, இடது பக்கம் தேதி இருக்க, வலது பக்கம் ஒன்றுமில்லை. மறு பக்கமும் அப்படியே. ஏன் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. அது ஆல்பின் முதல் லீவில் வந்த மாதம். அவன் வீட்டில் இருக்கும்போது யாருக்கு வேண்டும் ரேட்? தேதியை வழக்கம்போல முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாள், ரேட் பார்க்க மறந்துபோயிருந்தாள். 2011-இலும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு லீவிலும் அப்படித்தான்.

காலி வரிகளை எண்ணத் தொடங்கினாள். பென்சிலால் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணினாள். ஆறு லீவு, நாற்பத்தைந்து நாள் வீதம். பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த இரண்டு லீவு, முப்பது முப்பது. 2016-இல் அவன் அம்மா செத்ததற்கு வந்து போனது பதினொரு நாள். மொத்தம் முன்னூற்று நாற்பத்தொன்று.

நம்பாமல் இரண்டாம் தடவை எண்ணினாள். அதேதான் வந்தது. பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஒரு முழு வருஷம்கூட இல்லை. ஷைனிக்கு அப்பாவைத் தெரிந்தது அவ்வளவு நாள்தான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையை ஊரில் யாரைப் பார்த்தோ சொல்லிச் சிரித்திருக்கிறாள். அரசனும் இல்லை இங்கே, ஒரு வெளிநாட்டுக் காகிதத்தின் விலையை நம்பி விட்டிருக்கிறாள்.

போனை எடுத்து மெசேஜ் அடித்தாள். இத்தனை வருஷத்தில் ரேட் இல்லாமல் அவள் அனுப்பிய முதல் மெசேஜ் அது. 'நீங்க வூட்ல இருக்கும்போது நான் ரேட் எழுதறதில்ல. எழுதாத நாள எண்ணிப் பாத்தேன். 2009லேந்து 341 நாள். அவ்ளோதாங்க நாம வாழ்ந்தது. முன்னூறு வேணாம். பூச்சு வேணாம். பவுனு வேணாம். வந்துடுங்க. ஞாயித்துக்கெழம அவங்ககிட்ட முடிச்சுக்கறேன்னு சொல்லிடுங்க.'

நீலக் குறி உடனே வந்தது, படித்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. மேரி இமைக்காமல் பார்த்தாள். வெளியே வாளியில் வெள்ளைச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது.

பதில் வர இருபது நிமிஷம் ஆயிற்று.

'இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நேத்தே கையெழுத்து போட்டுட்டேனே மேரி. உங்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம இருந்துகினு இருந்தேன். இத நீ முன்னாடியே சொல்லி இருக்கலாம் இல்ல?'

நேற்று. நேற்று ரேட் இருநூற்று எண்பத்தொன்பது ரூபாய் எண்பது பைசா. தொண்ணூறு வருவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டான். அந்தக் கோபத்தைவிடக் கடைசி வரிதான் அவளுக்குத் தாங்கவில்லை. முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆமாம், சொல்லியிருக்கலாம். நோட்டுகளை அள்ளிச் சுவரில் எறிந்தாள். ஒரு நோட்டின் அட்டை கழன்று கட்டிலுக்குக் கீழே போனது. பிறகு அவளே குனிந்து துடைப்பக் குச்சியால் அதை இழுத்து எடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி.

"மேரிக்கா, இன்னிக்கு எவ்ளோ?"

"உம் போன்ல பாத்துக்கடி" என்றாள் மேரி. கனகம் முகம் சுருங்கித் தலையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து நோட்டைத் திறந்தாள். தேதி ஏற்கெனவே எழுதியிருந்தது. இன்றைக்கு எழுத வேண்டாம், இனி என்றைக்குமே எழுத வேண்டாம் என்றுதான் ராத்திரி முடிவு செய்திருந்தாள். பேனாவை மூடியும் வைத்துவிட்டாள். பிறகு அந்தக் காலி வரியைப் பார்த்தாள். இப்படியே விட்டால் பின்னால் எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு ஆல்பின் இன்றைக்கு வீட்டில் இருந்ததாக ஆகிவிடும்.

போனைத் திறந்து ரேட்டைப் பார்த்தாள். 290.45 என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் இறங்கியது.